நூல் எங்கே இருக்கிறது

இருக்கிறது. இருந்தது. இமைத்துவிட்டேன், இனி மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். இமைக்காமல் பார்த்தால் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு எல்லாமே நூலாகத் தெரிகிறது, இமைத்தால் எதுவுமே நூலாகத் தெரிவதில்லை, இப்படி ஒரு கண்ணை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் செல் நல்ல பிள்ளையாகப் பரந்து கிடக்கிறது. உள்ளே கருஞ்சிவப்பாக முப்பது குரோமோசோம்கள். இருபது காட்டுப்புல் வீட்டுக்காரர்கள், பத்து மக்காச்சோளத்து வீட்டுக்காரர்கள். காட்டுப்புல்லின் இருபதும் தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்துகொண்டுவிட்டன, அதில் சந்தேகம் இல்லை, சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் முடிக்கிற குடும்பம். மக்காச்சோளத்தின் பத்தும்தான் பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு வந்துவிட்டவர்கள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் நிற்கின்றன. ஒன்பது அப்படி நிற்கின்றன. பத்தாவது, மேலே வலது ஓரத்தில், ஒரு ஜோடியின் பக்கத்தில் கிடக்கிறது. பக்கத்தில் கிடப்பது வேறு, சேர்ந்திருப்பது வேறு. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரெல்லாம் உறவுக்காரர் ஆகிவிட முடியாது. ஆனால் அதற்கும் ஜோடிக்கும் நடுவில் ஒரு மெல்லிய நூல் ஓடுகிறது. ஓடியது. நூல் உண்டென்றால் மூன்றும் சேர்ந்துவிட்டன, செடி பிழைத்தது. இல்லையென்றால் வெளியே நிற்கிற பொக்லைன் அதைத் தோண்டி எடுத்துவிடும்.

ஒரு செடிக்காக இவ்வளவா என்று செல்வின் நேற்றுக்கூடக் கேட்டார். புருஷன் என்றால் அப்படிக் கேட்கத்தான் செய்வார். மெக்சிகோ மலையிலிருந்து வந்த புல் அது, டியோசின்டே என்று பெயர், மக்காச்சோளத்துக்குப் பங்காளி முறை. மக்காச்சோளம் ஒரு போகத்தோடு செத்துவிடும், இது வெட்ட வெட்டத் துளிர்க்கும், தண்ணீர் தேங்கினாலும் அழுகாது. இதன் மகரந்தத்தை மக்காச்சோளக் கதிரின் பட்டுநூலில் தூவித் தூவி, ஒரு போகம் முழுக்கத் தூவி, விதை பிடித்தது கொஞ்சம், முளைத்தது அதிலும் கொஞ்சம், நின்றது ஒன்றே ஒன்று. ஒன்பது வருஷமாக நிற்கிறது. பாடப்புத்தகத்தில் பன்மடியக் கலப்பினம் என்று எழுதுவார்கள், பிள்ளைகள் மனப்பாடம் செய்து மறந்துவிடுவார்கள். எனக்கு அது பண்ணையின் கிழக்கு மூலையில் ஆள் உயரத்துக்கு மேல் புதராக நிற்கிற, இலையால் கையைக் கீறுகிற, விதை வைக்கத் தெரியாத ஒரு முரட்டுச் செடி. பிடித்திருக்கிறது, வேறு என்ன சொல்ல. ஏன் பிடித்திருக்கிறது என்று கேட்டால் அதற்கு ஒரு வரைபடம் போட்டுக் காட்ட முடியாது. குரோமோசோம்கள் சேர்ந்தால்தான் கொடுக்கல் வாங்கல் நடக்கும், கொடுக்கல் வாங்கல் நடந்தால்தான் புல்லின் உறுதி என்றைக்காவது மக்காச்சோளத்துக்குப் போகும். சேராவிட்டால் அது ஒரு பச்சைப் புதர், அவ்வளவுதான். நஞ்சப்பன் சார் அப்படித்தான் சொன்னார். எங்கள் துறைத் தலைவர். கெட்டவர் இல்லை, கெட்டவராக இருந்திருந்தால் மனதுக்குள் திட்டிக்கொண்டாவது இருந்திருப்பேன். "மூணு மூணா சேருமுன்னு புஸ்தகத்துல இருக்குதுங்க, ஒத்துக்கறனுங்க. நம்ம செடியில சேருதுங்களா? ஒரு செல் காட்டுங்க அமலோற்பவம், ஒரே ஒரு செல்லு. செடிய விட்டர்றேன்." திட்டத்திலிருந்து நீக்கிய வெளிநாட்டுப் புல்லைப் பண்ணையில் விட்டுவைக்கக் கூடாது, வேரோடு எடுத்து எரித்துவிட வேண்டும், களையாகப் பரவிவிடும். இது எங்கள் விதி. நானே எத்தனையோ செடிக்கு அந்த விதியைச் சொல்லி எரிக்க வைத்திருக்கிறேன். வீட்டுக்கு ஒரு கிளைப்பு கொண்டுபோய்த் தொட்டியில் வைக்கலாம் என்று புத்தி ஒரு நிமிஷம் போகிறது. அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தண்ணீர் ஊற்றுவாள், ஊற்றினதை மறந்து மறுபடி ஊற்றுவாள். அழுகாத புல்லும் அழுகிப்போகும்.

இப்போது இருக்கிறது. நல்ல தெளிவாக, ஒரு பென்சில் கோடு போல இருக்கிறது. அசையாதே அமலி. ஸ்லைடை நகர்த்தாதே, நகர்த்தினால் இந்த செல்லை மறுபடி தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஓரம் காய ஆரம்பித்துவிடும். ஓரத்துக்கு நெயில் பாலிஷ் பூசியிருக்கிறேன், நகத்துக்குப் பூசினதைவிட ஸ்லைடுக்குத்தான் அதிகம் பூசியிருப்பேன். இந்த வருஷத்துப் பூக்கதிரில் கடைசி மொட்டு இது. மொட்டுக்குள் மூன்று மகரந்தப்பை இருக்கும், ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும், சரியான பருவம் என்றால் மற்ற இரண்டையும் எடுக்கலாம். முதல் பையில் பருவம் சரி, செல்கள்தான் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்துவிட்டன. இரண்டாவதை நசுக்கும்போது கட்டைவிரல் வழுக்கி எல்லாம் கூழாகிவிட்டது. மூன்றாவதுதான் இது. துருப்பிடித்த ஊசியால் கீறினேன். துரு சாயத்தில் இறங்கினால்தான் குரோமோசோம் கருக்கும், அதனால் எல்லோரிடமும் ஒரு துருப்பிடித்த ஊசி இருக்கும், யாரும் யாருக்கும் இரவல் தரமாட்டார்கள். ஒரு தடவை ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்று அட்டெண்டர் எல்லோருடைய ஊசியையும் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டார், அந்த மாதம் முழுக்க எங்கள் செல்களெல்லாம் வெளுத்துப்போய், சோகை பிடித்த மாதிரி. அப்போது சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் நூல் மறுபடி மங்குகிறது. யாரும் தொடவில்லை, நான் மூச்சுகூட விடவில்லை, அது பாட்டுக்கு மங்குகிறது. குரோமோசோம்கள் அப்படியே இருக்கின்றன, நூல் மட்டும் போகிறது. இது எப்படி? சாயம் இறங்குகிறதா? என் கண்ணா?

கண்ணாகத்தான் இருக்க வேண்டும். கண் என்றால் கண் டாக்டரிடம் போகலாம், கண்ணாடி மாற்றலாம். கண்ணுக்குப் பின்னால் இருப்பது என்றால் எங்கே போவது. அம்மாவுக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஊசியில் நூல் கோக்கிறாள். கோத்துவிட்டு, "அப்பா சட்டையில பொத்தான் போயிட்டு, கழட்டித் தரச் சொல்லு" என்கிறாள். அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. சாயங்காலம் மூன்று டம்ளரில் டீ ஊற்றுகிறாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, ஜன்னல் பக்கத்து நாற்காலிக்கு ஒன்று. செல்வின் இருந்தாலும் மூன்றுதான், செல்வின் தானே போய்ப் போட்டுக்கொள்வார். முதலில் அந்த மூன்றாவது டம்ளர் ஆறி ஆடை படிந்து கிடக்கும், அம்மா அதைப் பார்த்துப் பார்த்து அழுவாள், குடிக்காம போயிட்டாவளே என்று. இப்போது அவள் அந்தப் பக்கம் திரும்பும்போது நான் எடுத்து மடக்கென்று குடித்துவிட்டு வைத்துவிடுகிறேன். "பாத்தியா, குடிச்சிட்டாவ" என்கிறாள், முகம் அப்படியே மலர்ந்துவிடுகிறது. ஆறின டீயின் ருசி நாக்கில் இரவு வரைக்கும் இருக்கும். சில சமயம், இதை யாரிடமும் சொன்னதில்லை, அந்த நாற்காலியின் மெத்தை கொஞ்சம் அமுங்கியிருக்கிற மாதிரி எனக்கும் தெரியும். இல்லாததைப் பார்ப்பது குடும்பத்தில் ஓடுகிற சமாசாரமாக இருந்தால்? அம்மாவுக்கு எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாதே, ஒரு நாள் காலையில் இப்படி ஒரு நூலில்தான் ஆரம்பித்ததோ என்னவோ.

"ஏனுங்கம்மிணி." வாசலில் ராக்கியாத்தாக்கா. பண்ணை வேலைக்கு வருகிறவள், அந்தச் செடிக்கு மொரடன் என்று பெயர் வைத்தவள் அவள்தான். கண்ணை எடுக்காமலே "சொல்லுங்கக்கா" என்றேன். "வண்டிக்காரன் கத்தறானுங்க. தோண்டறதா, வேண்டாமான்னு ஒரு சொல்லு கேட்டுட்டு வரச்சொன்னான்." "பாத்துட்டு இருக்கேன்க்கா." "இன்னுமுங்களா?" என்றாள். சும்மா நிற்கிறவள் இல்லை, நின்றாள். "மொரடன் பக்கத்துல போயி வண்டிய நிறுத்திட்டானுங்க அம்மிணி. எல இன்னிக்கும் என்னக் கீறிப்போடுச்சு. போற நேரத்துலயுங்கூட கோவம் போகுல பாருங்க." சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா, தெரியவில்லை. பிறகு, "இருக்குதுங்களா அது, நீங்க தேடறது?" என்று கேட்டாள். இருக்கு என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சொன்னால் அவள் போய்ச் சொல்லிவிடுவாள், வண்டி திரும்பிப் போய்விடும். சொன்னால் பொய்யா? பார்த்தேனே. எத்தனை தடவை பார்த்தேன். வரைந்தும் வைத்திருக்கிறேன். "இருங்கக்கா, சொல்றேன்" என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

வரைந்தும் வைத்திருக்கிறேன். நஞ்சப்பன் சாருக்குப் போட்டோ பிடிக்காது, வரைந்துதான் காட்ட வேண்டும். போட்டோவில் மேலே இருப்பது தெரிந்தால் கீழே இருப்பது தெரியாது, கை பொய் சொல்லாது என்பார். அதற்காக மைக்ராஸ்கோப்பின் தலையில் பழைய கேமரா லூசிடாவை மாட்டியிருக்கிறேன். பெயர்தான் கேமரா, படம் எடுக்காது. ஒரு சின்னக் கண்ணாடிக் கட்டி, பக்கவாட்டில் நீண்ட கையில் ஒரு கண்ணாடி. மேஜையில் வலப்பக்கம் வைத்த வெள்ளைத்தாளை அந்தக் கண்ணாடி கண்ணுக்குக் கொண்டுவரும். கீழே இருக்கிற செல்லும் பக்கத்தில் இருக்கிற தாளும் ஒரே கண்ணில் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும், பென்சில் முனை குரோமோசோமின் மேலேயே ஊர்கிற மாதிரி இருக்கும், விளிம்பைப் பிடித்துக்கொண்டே போனால் படம். முதல் தடவை பார்க்கிறவர்களுக்குப் பேய் மாதிரி இருக்கும். காலையில் ஓரமாகக் கிடந்த இந்த மூன்றின் விளிம்பையும் வரைந்தேன். நூலையும் வரைந்தேன். பார்த்ததால் வரைந்தேன், வேறு எதற்கு வரைவேன். பார்த்ததுதான் முதலில். பார்த்தேன், வரைந்தேன். இல்லை, நடுவில் போன் வந்தது. அம்மாவின் போன். பார்த்தேன், போன் வந்தது, வரைந்தேன். அல்லது போன் வந்தது, வரைந்தேன், பார்த்தேன். இதென்ன, சாவியை எங்கே வைத்தோம் என்று நினைக்க நினைக்க எல்லா இடத்திலும் வைத்த ஞாபகம் வருவது போல. முதன்முதலில் இந்த செல் கண்ணில் பட்டபோது நூல் இருந்ததா? இருந்திருந்தால் துள்ளியிருப்பேனே. துள்ளினேனா? டீ கொண்டுவந்த அட்டெண்டரிடம் கிடைச்சிருச்சு என்று சொன்னேன், அது செல் கிடைத்ததற்குச் சொன்னதா, நூல் கிடைத்ததற்கா?

ஃபோகஸை மெதுவாகத் திருப்புகிறேன். இது எளிய வழி, முதலிலேயே செய்திருக்க வேண்டும், ஸ்லைடைத் தொட வேண்டியதில்லை. நூல் ஜோடிக்குக் கீழே ஓடுகிறதா மேலே ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். திருப்பத் திருப்ப ஜோடி கரைகிறது, பத்தாவதும் கரைகிறது, செல்லே மழைநீர் பட்ட மை மாதிரி பரவிப் போகிறது. நூல் கரையவில்லை. கத்தி மாதிரி நிற்கிறது. ஒரு கணம் மனசு துள்ளியது, பார், எவ்வளவு பலமான நூல், எல்லாம் போனாலும் அது போகவில்லை. வெளியே வெயில் நன்றாக அடிக்கிறது, ஜன்னல் வழியே என் வலது கை சுடுகிறது, நூல் ஜொலிக்கிறது. பிறகு பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற மேகம் ஒன்று போயிருக்க வேண்டும், கையில் சூடு குறைந்தது. நூல் மங்கியது. வெயில் வந்தது, நூல் வந்தது. இது என்ன கூத்து. செல்லுக்கு வெளிச்சம் அடியில் இருக்கிற பல்பிலிருந்து வருகிறது, சூரியனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சூரியன் படுவது என் கையில். கைக்குக் கீழே இருக்கிற

தாளில். கண்ணை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கரைந்துபோன குரோமோசோம்களைச் சுற்றி அவற்றின் விளிம்புகளும் கூர்மையாக நின்றுகொண்டுதான் இருந்தன, நான்தான் நூலை மட்டும் பார்த்து அவற்றைப் பார்க்கவில்லை. வரைந்து முடித்ததும் பக்கக் கண்ணாடியை ஒதுக்கிவிட வேண்டும். முதல் வருஷத்துப் பிள்ளைக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன், ஒதுக்காவிட்டால் உன் கோட்டையே நீ பார்ப்பாய் என்று. போன் வந்த அவசரத்தில் ஒதுக்கவில்லை. அப்புறம் மெதுவாக மற்றதும் வந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தேன். கையில் பென்சில் இருந்தது. "அப்பா இன்னும் வரலியே" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள், "வந்துருவாவம்மா, வந்துருவாவ" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன், சொல்லிக்கொண்டே சும்மா இருக்க மாட்டாத கை தாளின் மேல் பென்சிலை இழுத்தது. போன் பேசும்போது எல்லோரும் எதையாவது கிறுக்கத்தான் செய்கிறார்கள். நான் அங்கே கிறுக்கியிருக்கிறேன். இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில். ஆனால் இதுவும் உறுதியில்லை. உண்மையிலேயே பார்த்து, பார்த்ததை வரைந்திருந்தால்? கோட்டுக்கு அடியில் நிஜ நூலும் இருந்தால்? தாளை இழுத்துவிட்டால் தெரிந்துவிடும். ஒரு விரல் போதும். ஒரு விரலை நகர்த்த முடியவில்லை. இழுக்காத வரைக்கும் இருக்கிறது, செடியும் இருக்கிறது, வெளியே வண்டிக்காரன் பீடி பிடித்துக்கொண்டு நிற்கிறான், ராக்கியாத்தாக்கா அவனிடம் ஏதோ சண்டை போடுகிறாள். இப்படியே உட்கார்ந்திருக்க முடிந்தால் நன்றாக இருக்கும் என்று நிஜமாகவே நினைத்தேன்.

ஃபோகஸைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். எல்லாம் திரும்பி வந்தன, ஜோடி, பத்தாவது, நூல். பார்த்துக்கொண்டே தாளை இழுத்தேன்.

நூல் தாளோடு போனது. செல்லைக் குறுக்கே கடந்து, வட்டத்துக்கு வெளியே போய்விட்டது, ஜன்னலோரம் போகிற காகம் மாதிரி அவ்வளவு சாதாரணமாக. ஜோடிக்கும் பத்தாவதுக்கும் நடுவில் சின்ன இடைவெளி, சுத்தமான இடைவெளி, ஒன்றுமே இல்லை. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஃபோகஸை மேலே கொண்டுபோய்ப் பார்த்தேன், கீழே கொண்டுவந்து பார்த்தேன். பத்தாவதும் தனிதான். மற்ற ஒன்பதைப் போலவே, கொஞ்சம் கிட்டத்தில் போய் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். காலையிலிருந்து இருந்த குழப்பம் போய்விட்டது. போனால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை, துக்கமாக இருந்தது.

நஞ்சப்பன் சாருக்குப் போன் போட்டேன். "சேரலை சார்" என்றேன். "நல்லாப் பாத்தீங்களா அமலோற்பவம்? அவசரமில்லைங்க. மத்தியானத்துக்கு மேலகூடப் பாத்துச் சொல்லுங்க, வண்டிய நான் நிக்கச் சொல்றேன்." அவரும் அந்தச் செடி நிற்கட்டும் என்றுதான் நினைத்திருக்கிறார் போல, அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது, தெரிந்து என்ன. "பாத்துட்டேன் சார். ரெண்டு சேந்திருக்கு, ஒண்ணு தனியா இருக்கு. எல்லா எடத்துலயும் அப்படித்தான்." "சரிங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் யாருக்கு என்ன சொன்னாரோ, கொஞ்ச நேரத்தில் வண்டி உறுமுகிற சத்தம் கேட்டது. நான் ஜன்னல் பக்கம் போகவில்லை. பக்கக் கண்ணாடியை ஒதுக்கினேன். தாளிலிருந்த அந்தக் கோட்டை ரப்பரால் அழித்தேன், அழுத்திப் போட்டிருக்கிறேன், முழுக்கப் போகவில்லை, தாளைச் சாய்த்துப் பார்த்தால் பள்ளம் தெரிந்தது.

போன் அடித்தது. அம்மா. "எம்மா அமலி, அப்பா அங்க வந்தாவளா?" கொஞ்ச நேரம் முன்னால் ஒரு உண்மையைச் சொன்ன வாய். அதே வாயால் இதையும் சொல்லிவிடலாம், இல்லம்மா, அப்பா இல்லம்மா என்று, இன்றைக்குச் சொன்னால் இரண்டையும் ஒன்றாக அழுதுவிடலாம். வெளியே வேர் பிடுங்குகிற சத்தம் கேட்டது, அவ்வளவு எளிதில் வராது அது, ஒன்பது வருஷத்து வேர், வண்டி திணறுகிறது, நின்று மறுபடி உறுமுகிறது. ராக்கியாத்தாக்கா "பாத்து, பாத்து" என்று கத்துகிறாள், பிடுங்குகிற செடிக்கு என்ன பாத்து. அம்மாவிடமிருந்து எந்தத் தாளை இழுப்பது? இழுத்தால் அடியில் அவளுக்கு என்ன இருக்கிறது? "கேக்கியா? அப்பா வந்தாவளான்னு கேட்டேன்." வண்டியின் சத்தம் சட்டென்று நின்றது. வந்துவிட்டது போலிருக்கிறது.

"வந்தாவம்மா" என்றேன். "இப்பத்தான் போனாவ."

"வெயிலாட்டு இருக்கே, கொடை எடுத்துட்டுப் போனாவளா?"

"எடுத்துட்டுத்தாம்மா போனாவ" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.